அண்ணன் ஓகே தராத புரூஃப்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரோடு அவர் எழுதிய நாவலும் உங்கள் கைக்கு வந்திருக்கும். அதை அச்சேற்ற நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் அவர் பெருமையை மட்டும் எழுத என்னால் முடியாது.

சாத்தூரில் பிறந்தவர். அப்பா போனபின் துபாய்க்குப் போய் உழைத்து, தங்கைகள் மூவரையும் கரையேற்றினார். சிவகாசியில் எனக்கு இந்த அச்சகத்தை வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். கோபமே வராது. எனக்குத்தான் வரும்.

வயதான காலத்தில் நாவல் பிடித்துக்கொண்டது. துபாயில் இருக்கும் ஒருவன், யுத்தகாலத்தில் ரங்கூனிலிருந்து நடந்தே தப்பி வந்த தன் அப்பாவின் வழியைத் தேடிப் போகும் கதை. எல்லாம் எங்கள் அப்பா கதைதான். அப்பா அந்த வழியில் தன் சின்னத் தங்கையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அவள் பெயரைத்தான் எனக்கு வைத்தார்.

அச்சடிக்கக் கொடுத்த பார்ட்டி பிழை பார்த்து, கையெழுத்துப் போட்டு ஓகே தராத புரூஃப் எங்கள் அச்சகத்தில் மெஷின் ஏறாது. அண்ணனோ ஏழு புரூஃப் பார்த்தும் கையெழுத்துப் போடவில்லை! காலண்டர் சீசனில் மூச்சுவிட நேரமில்லாதபோது போன் வரும். நாவலில் அந்தத் தங்கைப் பிள்ளை இறக்கும் பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அவளை இன்னொரு மலை ஏற வைத்திருப்பார்.

"அண்ணே, செத்த பிள்ளைய இன்னும் எம்புட்டுத் தூரம் நடக்க வைப்பீக? நடந்தத எழுதுங்க. என் உசிர வாங்காதீக!"

"உம்பேர வச்சிருக்கிற பிள்ள தாயி. எப்படிச் சாகடிக்கச் சொல்லுத?"

"நான் இங்கன குத்துக்கல்லு மாதிரிதான இருக்கேன்? கையெழுத்தப் போடுங்க."

போடவில்லை. நெஞ்சுவலியோடு ஊர் திரும்பி, விருதுநகர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் புரூஃபைக் கேட்டார். "மொதல்ல உடம்பப் பாருங்க" என்று சத்தம் போட்டேன். மறுநாள் காலையில் போய்விட்டார். அன்றே கொடுத்திருக்கலாம். அது இன்றும் என்னை அரிக்கிறது.

போன மாதம் அச்சுக்கோர்ப்பவர் கேட்டார். "அக்கா, பிள்ள சாகுற பக்கம் பழைய புரூஃப்ல இருக்கு. சேத்துரவா?"

இத்தனை வருடம் அதற்காகச் சண்டை போட்டவள் நான். "வேண்டாம், அண்ணன் விட்ட இடத்திலயே இருக்கட்டும்" என்றேன்.

அண்ணனைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும், உடனிருந்த துபாய் நண்பர்களுக்கும், சீசனிலும் மெஷினை ஒதுக்கித் தந்த எங்கள் தொழிலாளர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி.

கதை முடியவில்லையே என்று யாரும் எனக்குப் போன் செய்ய வேண்டாம். அவள் நடந்துகொண்டுதான் இருக்கிறாள். புரூஃபில் ஓகே எழுதி, அவள் பெயரை நான்தான் கையெழுத்துப் போட்டேன்.