கீதா மேடம் குரூப்

"சார், என்னைய கீதா மேடம் குரூப்புக்கு மாத்தி விடுங்க."

முத்துப்பாண்டி இப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. போதை மாத்திரை வாங்க பைக் திருடி மாட்டியவன். சிகிச்சை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கோர்ட் ஜாமீன் கொடுத்து, ஆனையூரில் நான் கவுன்சலராக இருந்த மையத்துக்கு அனுப்பியிருந்தது.

"ஏன்டா, இங்க என்ன குறை?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

மாற்றிவிட்டேன். மனசுதான் ஆறவில்லை. கீதா எனக்கு எத்தனையோ வருடம் ஜூனியர். என் குரூப் ஆட்கள் பாதியில் காணாமல் போவார்கள். அப்புறம் போலீஸ் ஸ்டேஷனில் இருந்துதான் தகவல் வரும். அவர் குரூப்பில் கடைசிவரை ஆள் இருக்கும். நன்னடத்தை அலுவலர் வந்தால், என் அறையைத் தாண்டி நேரே அவரிடம்தான் போவார்.

"அவங்களுக்கு மட்டும் லேசான கேஸா குடுக்குறீங்க" என்று டைரக்டரிடமே சொன்னேன்.

"அப்படியெல்லாம் இல்லண்ணே. வர்ற வரிசையிலதான் பிரிக்கிறோம்."

சில வாரம் கழித்து, கீதாவின் அறை வாசலில் முத்துப்பாண்டி நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது.

"மேடம், நேத்து மறுபடி மாத்திரை போட்டுட்டேன்."

கீதா குரூப்பிலும் ரிலாப்ஸ் ஆகிறது! எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். வராந்தாவிலேயே நின்று அவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டேன்.

"உள்ள வாப்பா. சாப்ட்டியா? நேத்து என்ன நடந்துச்சு?"

"வேலை கேட்டுப் போன ஒர்க்‌ஷாப்புல, திருட்டுப்பயலுக்கு இங்க வேலை இல்லைன்னுட்டாங்க."

"சரி. நீ போட்டத கோர்ட்டுக்குப் போற ரிப்போர்ட்ல எழுதத்தான் செய்வேன். நீயா வந்து சொன்னதையும் எழுதுவேன். வேற ஒர்க்‌ஷாப் பாப்போம், நானும் கூட வாரேன்."

அப்போது வந்த பொறாமைதான் பெரிது. அதுவரை என் சர்வீஸில் ஒருத்தன்கூட என்னிடம் தானாக வந்து இப்படிச் சொன்னதில்லை. "போட்டது தெரிஞ்சா ஜெயிலுதான்டா" என்பதுதான் எல்லாருக்கும் என் முதல் பாடம். அதனால் தவறியவன் வருவதையே நிறுத்திவிடுவான்.

"உங்க குரூப்புல நானும் கொஞ்ச நாள் உக்காரலாமாம்மா?" என்று கீதாவிடம் கேட்டேன்.

"தாராளமா வாங்க சார்."

முத்துப்பாண்டி அதன்பின் இன்னொரு முறையும் தவறினான். அப்போதும் வந்து சொன்னான். இப்போது திருவாதவூர்ப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். புதுக் கேஸ் எதுவும் இல்லை.

எந்தச் சிகிச்சை பலன் தரும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். தவறிய மறுநாள் அவன் உங்களைத் தேடி வருகிறானா என்று பாருங்கள் என்பேன். என்னிடமும் பிற்பாடு சிலர் வந்து சொன்னார்கள். கீதாவிடம் போனவர்கள்தான் அதிகம். அது இன்றைக்கும் உறுத்துகிறது.