வேட்பாளர் பேர் கேட்ட திரௌபதி

எங்க ஊரில் என்னைத் திட்டாத ஆள் கம்மி. மைக் கட்டிப் பிழைக்கிறவன் திட்டு வாங்காமல் இருக்க முடியாது. குழந்தை தூங்குது நிறுத்துய்யா என்பார்கள், பரீட்சை நேரம் என்பார்கள், சாவு வீடு என்பார்கள். அதெல்லாம் சோறு தின்னும்போதே மறந்துபோகும். ஆனால் சக்கரவர்த்தி மகள் திரௌபதி ஒரு நாள் நடுத்தெருவில் என்னை “வாடகை வாய்” என்று சொன்னாளே, அது இத்தனை வருஷமாக உள்ளேயே கிடந்து குத்துகிறது. அப்போது அவளுக்குப் பதினேழு வயசு. ஓட்டுகூடக் கிடையாது.

நான் படித்தது அஞ்சாவது. சுற்றி வளைத்து எழுத வராது. கோபத்தை முதலில் இறக்கி வைத்துவிட்டேன், இனிமேல் மற்றதை நிம்மதியாகச் சொல்லலாம்.

என்னிடம் ஒரு ஆட்டோ, அதன் தலையில் ரெண்டு கூம்பு ஸ்பீக்கர், பேட்டரி, ஒரு மைக். தேர்தல் வந்துவிட்டால் காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் இன்னொரு கட்சி. காந்தி சிலைப் பக்கம் நிறுத்தி, இந்தக் கொடியைக் கழற்றி சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு அந்தக் கொடியைக் கட்டிக்கொள்வேன். ரெண்டு கட்சிக்காரர்களுக்கும் இது தெரியும். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. குரல் நல்ல குரல், அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும்.

சக்கரவர்த்தி எங்க வார்டுக்கு வட்டச் செயலாளர். கட்சிப் பேர் வேண்டாம், ரெண்டில் ஒன்று. அவர் வீட்டு முன்கூடம்தான் கட்சி ஆபீஸ். காலையில் அங்கே நாலைந்து பேர் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திரௌபதி டீ கொண்டுவந்து கொடுப்பாள். கொடுத்துவிட்டு உள்ளே போகமாட்டாள். டம்ளர் காலியாகிற வரைக்கும் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு வாதம் பண்ணுவாள்.

“பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வர்றவங்களுக்காகத் தெருவைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடறாங்க. நம்ம சந்துக்குள்ள என்னைக்காவது போட்டாங்களா? நமக்கு மட்டும் வருஷம் பூரா அமாவாசையா?”

“உன் கட்சிதானம்மா வரப்போவுது, போடச் சொல்லு” என்பார் தறி ஓட்டும் சகாதேவன்.

“எங்க கட்சி வந்தாலும் கேப்பேன். கேக்கறதுக்குத்தான் கட்சியில இருக்கேன். கொடி புடிக்கிறதுக்கு மட்டும்னா ஒரு கம்பை நட்டு வெச்சா போதும்.”

நான் அங்கே போவது வாடகை பேச. சும்மா இருக்காமல் ஒரு தடவை வாயைக் கொடுத்தேன். “எல்லாக் கட்சியும் ஒண்ணுதாம்மா, நீ இன்னாத்துக்கு தொண்டையைக் கிழிச்சிக்கிற?”

“அப்படிச் சொல்லாதீங்க மாமா. அது சோம்பேறிங்க பேச்சு. ஒண்ணா இருந்தா ஊர்ல ஒரு கொடி போதுமே, எதுக்கு ரெண்டு தைக்கிறாங்க? எதுல எது நல்லா இருக்குன்னு பாக்கறதுக்குக் கொஞ்சம் கஷ்டப்படணும். அது உங்களால ஆவலை.”

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் அப்பாவும் சிரித்தார். “பேரு வெக்கும்போதே யோசிச்சிருக்கணும்டா மூர்த்தி. சபதம் போடற பேரா வெச்சிட்டேன்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அவள் பேச்சு எல்லாமே எனக்குப் பிடிக்காது என்று சொல்லமாட்டேன். பொதுக்கூட்டத்துக்கு லாரியில் ஆள் ஏற்றிப் பிரியாணிப் பொட்டலம் கொடுப்பதைப் பற்றி எல்லாரும் கேலி பேசும்போது அவள் மட்டும் பேசவில்லை. “பசிச்சவன் சாப்பிடறான், அவனை எதுக்குக் கேலி பண்றீங்க? இன்னாத்துக்குக் கூட்டம்னு சொல்லாமலே கூட்டிக்கினு போனாங்களே, அவங்களைக் கேளுங்க” என்றாள். கூட்டணி பற்றியும் அப்படித்தான். நேத்து திட்டினவரை இன்னைக்குக் கட்டிப்பிடிக்கலாம், தப்பில்லை, ஆனால் எதற்கென்று போஸ்டர் ஒட்டுகிறவனுக்கும் சொல்ல வேண்டும் என்பாள். பசை வாளி தூக்குகிற பையன்களுக்கு அவள்மேல் அதனால் ஒரு மரியாதை.

தொண்ணூத்தி ஆறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பெண்களுக்கு மூணில் ஒரு பங்கு என்று சட்டம் வந்திருந்தது, எங்க வார்டு பெண்கள் வார்டு ஆகிவிட்டது. கவுன்சிலர் ஆக வேண்டும் என்று வெகுநாளாகக் காத்துக்கொண்டிருந்த சக்கரவர்த்தி ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சொன்னார்கள். மூணாவது நாள் தெளிந்துவிட்டார். தன் மனைவி வெள்ளையம்மாளை நிறுத்தினார். எதிர்க்கட்சிக்காரரும் அதையேதான் செய்தார்.

போஸ்டர் அடித்து வந்தது. சக்கரவர்த்தி கை கூப்பிக்கொண்டு முக்கால் போஸ்டருக்கு நிற்கிறார். மூலையில் தபால்தலை அளவுக்கு வெள்ளையம்மாள்.

எனக்கு அவர் சொல்லச் சொன்னது இதுதான்: “உங்கள் வீட்டுப் பிள்ளை, ஏழைகளின் தோழன், அண்ணன் சக்கரவர்த்தி அவர்களின் துணைவியாருக்கு வாக்களியுங்கள்.” நான் அதைப் பேகோபுரத் தெரு முழுக்க நன்றாக இழுத்து, ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டு போனேன். திரௌபதி எதிரில் வந்து கையை நீட்டி ஆட்டோவை மறித்தாள்.

“மாமா, ஒரு சந்தேகம். வேட்பாளர் பேரு இன்னா?”

“சக்கரவர்த்தி துணைவியார்.”

“ஓட்டுச் சீட்டுல அப்படியா அச்சடிச்சிருக்கும்? பேரைச் சொல்லுங்க.”

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அந்த அம்மாள் கையால் எத்தனையோ தடவை தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன், அண்ணி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அண்ணிக்குப் பேர் இருக்கும் என்று யார் யோசிக்கிறது? யாரும் சொல்லாததை நான் எங்கிருந்து கொண்டுவந்து சொல்ல? மைக்கை நிறுத்தவும் மறந்துவிட்டேன். நான் முழித்ததும் அவள் கேட்டதும் தெரு முழுக்கக் கூம்பு வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

“நம்ம வார்டுல நிக்கறது ரெண்டு பொம்பளைங்க. ஊர்வலம் வர்றது ரெண்டு ஆம்பளைங்க. உங்களுக்கு எங்கம்மா பேருகூடத் தெரியலை. சரியான வாடகை வாய் மாமா நீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டீக்கடைக்காரன் அஸ்பாக் கைதட்டினான். அவன் கடையில் நான் ஒரு மாசம் டீ குடிக்கவில்லை.

சக்கரவர்த்தியிடம் போய்ச் சொன்னேன். “உங்க பொண்ணு பிரச்சாரத்தைக் கெடுக்குது.” அவர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“ஜெயிச்சா நகராட்சிக் கூட்டத்துல யாருப்பா பேசுவாங்க?” என்று அவள் கேட்டாள்.

“உங்கம்மா இன்னாத்தைப் பேசுவா? பாவம், கையெழுத்து போடுவா. மத்ததை நான் பாத்துக்குவேன்.”

“அப்போ நான் பதினெட்டு ஆனதும் உங்களுக்கு ஓட்டுப் போடமாட்டேன்.”

அவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. உள்ளே வெள்ளையம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஆனால் களைகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

மறுநாள் வீடு வீடாகப் போகும் நாள். சக்கரவர்த்திக்கு மாவட்டத் தலைவர் கூட்டம் இருந்தது, போய்விட்டார். என் ஆட்டோவில் வெள்ளையம்மாளும் திரௌபதியும். தெருக்குழாய் அருகே நிறுத்தச் சொன்னாள் திரௌபதி. தண்ணீர் விடுகிற நேரம், குடங்கள் வரிசையாக நின்றன, பெண்கள் கூட்டம். என் கையிலிருந்து மைக்கை வாங்கி அம்மாவிடம் கொடுத்தாள். அப்பா எழுதிக் கொடுத்த தாளையும் கொடுத்தாள்.

“படிம்மா.”

வெள்ளையம்மாள் தாளைப் பார்த்தாள். “உங்கள் வீட்டுப் பிள்ளை, ஏழைகளின் தோழன், அண்ணன்...” என்று வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

அடுத்த சொல் புருஷன் பேர். எங்கள் பக்கத்தில் அந்த வயசுப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் இருக்கிறவர்களைச் சொல்லச் சொல்லுவார்கள். தாள் எழுதின சக்கரவர்த்தி இதை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. திரௌபதி யோசித்திருந்தாள் என்று அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

குழாயடியில் சிரிப்பு கிளம்பிவிட்டது. “சொல்லுடி, சொல்லு! கல்யாணத்துல நாங்க அவ்ளோ கேட்டும் நீ சொல்லல, இப்போ மைக்ல சொல்லு!” என்று தங்கம்மாள் கத்தினாள். அவள் எதிர்க்கட்சிக்காரி.

“போடி” என்றாள் வெள்ளையம்மாள். அதுவும் மைக்கில் போனது. இன்னும் சிரிப்பு.

அந்த அம்மாள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“நான் வெள்ளையம்மா. நான்தான் நிக்கிறேன். இந்தக் கொழாயில நானும்தான் தண்ணி புடிக்கிறேன். மேட்டுல இருக்கறவங்களுக்கு ரெண்டு கொடம்கூட வர்றதில்ல, கீழ இருக்கறவங்களுக்கு வழிஞ்சி சாக்கடைக்குப் போவுது. கீழ ஒரு வால்வு வெச்சித் திருப்பினா மேல ஏறும். இதைச் சொல்றதுக்கு எவனும் படிச்சிட்டு வரவேணாம். தங்கம்மா, உன் வூடு மேட்டுலதானே இருக்குது? நீ எனக்குப் போடறியா, உன் கட்சிக்குப் போடறியா, அது உன் இஷ்டம். ஆனா வால்வு யாரு வெக்கிறேன்னு சொல்றாங்கன்னு பாத்துட்டுப் போடு.”

சிரிப்பு நின்றது. தங்கம்மாள் குடத்தை இடுப்புக்கு மாற்றினாள். “வால்வு வெக்கறது நெசமா?” என்றாள்.

அதுக்கப்புறம் அந்த வாரம் முழுக்கக் காலையில் மைக் என் கைக்கு வரவே இல்லை. வண்டி ஓட்டினேன், அவ்வளவுதான். சாயங்காலத்தில் எதிர்க்கட்சிக்குக் கொடி மாற்றிக் கட்டிக்கொண்டு போனால் அங்கேயும் “எங்க வேட்பாளர் பேரையும் சொல்லு மூர்த்தி” என்றார்கள். அந்த அம்மாள் பேர் சந்திரம்மாள். அதையும் தெரிந்துகொண்டேன்.

வெள்ளையம்மாள் ஜெயித்தாள். சக்கரவர்த்திக்குத்தான் மாலை ஜாஸ்தி விழுந்தது. விழட்டும், மனுஷன் உழைத்திருக்கிறார். வெடி வெடித்தபோது திரௌபதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் நின்றிருந்தாள். “ஜெயிக்கறது பெரிசில்ல மாமா, உள்ள போய் உக்காரணும். அதான் இருக்கு” என்றாள். அவளுக்குச் சந்தோஷத்திலும் ஒரு வேலை பாக்கி இருந்துகொண்டே இருக்கும்.

அந்த வருஷம் அவளுக்குச் சென்னையில் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முதல் நகராட்சிக் கூட்டமும் அவள் கிளம்புகிற நாளும் ஒன்றாக வந்தன. காலையில் ஆட்டோவோடு போய் நின்றேன். சக்கரவர்த்தி வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் கரையெல்லாம் நீவிவிட்டுக்கொண்டு தயாராக இருந்தார், அவர்தான் கவுன்சிலர் போல. வெள்ளையம்மாள் புதுப் புடவையில் வியர்த்துக்கொண்டிருந்தாள். திரௌபதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்றேன். வேண்டாம், பக்கம்தானே, நடந்துபோகிறேன் என்றாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் குனிந்தாள்.

“மாமா, அப்பாவும் வண்டியில வருவாரு. தடுக்காதீங்க, வருத்தப்படுவாரு. நகராட்சி ஆபீஸ் வாசல்ல எறங்கினதும் அம்மாவைத் தனியா உள்ள அனுப்பிட்டு, அண்ணே வாங்க ஒரு டீ சாப்பிடலாம்னு அவரைக் கடைக்குக் கூட்டிக்கினு போங்க. உக்காந்ததும், எதிர்க்கட்சிக்காரங்க இந்தத் தடவை நல்லாதான் வேலை செஞ்சாங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுக்குப் பதில் சொல்லிக்கினே கூட்டம் முடியற வரைக்கும் அவரு எழுந்திருக்கமாட்டாரு. எனக்காக இது ஒண்ணு செய்யுங்க.”