பத்துத் தப்படி

மவுத்பீஸை வலது உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, இடக் கையால்தான் கிறிஸ்துராஜ் தேநீர் குடிப்பார். டிரம்பெட் மடியில் கிடக்கும். அந்தச் சின்னப் பித்தளைத் துண்டு கால் மணி நேரமாவது கைச்சூட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சுரம் பிசிறும் என்பது அவர் கட்சி. மதுரை வெயிலில் எந்தப் பித்தளை குளிர்ந்து கிடக்கப்போகிறது என்று கடைக்காரர் காளை கேட்டால், "வெயில் சூடு வேற, மனுசச் சூடு வேறண்ணே" என்பார். கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்த பிறகும் வலக் கை திறக்காது.

வயது அறுபத்தொன்று. ஒன்பது பேர் கொண்ட பேண்டு செட்டுக்குத் தலைவர். கல்யாணம், தேர்பவனி, பெருஞ்சாவு என்று சமயநல்லூர் முதல் உசிலம்பட்டி வரை அவர் ஊதாத தெரு குறைவு. தேர்தல் வந்துவிட்டால் எல்லாக் கட்சிகளும் அவரைத் தேடி வரும். வீட்டுக் கொடியில் மூன்று கட்சித் துண்டுகளும் துவைத்துக் காய்ந்துகொண்டிருக்கும். காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று. துண்டைத் தோளில் போட்ட பிறகு ஊதுகிறவனுக்குச் சொந்தக் கருத்து கிடையாது என்பது செட்டின் சட்டம். கழற்றி மடித்துக் காளை கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் கருத்துக்குப் பஞ்சமும் கிடையாது. பேச்சாளர்களை அவர் அளப்பது மூச்சால். "மூச்செடுக்க எடம் விடாம பேசுறவன நம்பாதீக. நடுவுல நிறுத்துனா நாம கேள்வி கேட்டுருவோம்னு பயம்" என்று ஒரு முறை சொன்னார். யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று காளை துருவியபோது வந்த பதிலும் அந்த வகையே. "ஊதி முடிச்சவனுக்கு மொதத் தண்ணி யாரு நீட்டுறாகன்னு பாப்பேன். நாப்பது வருசமா அப்படித்தான் போடுறேன்."

இவ்வளவு பெரிய ஓசையை உண்டாக்குகிறவர் வீட்டில் ஒரு சுரம் ஊதியதில்லை. பயிற்சிக்கு விடியற்காலையில் மொபெட்டில் கீழக்குயில்குடி போய், சமணர் மலைக்கு எதிரே நின்றுகொள்வார். ஊதியதை மலை திருப்பிச் சொல்லும். பிழை இருந்தால் பிழையோடு சொல்லும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் உள்ள தெருவில் சாதகம் கூடாது என்று முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், திருமணமான முதல் வாரத்தில் அவர் மனைவி ஜோசபின் சொன்னாராம். அதற்கு மேல்முறையீடு நடக்கவில்லை.

செட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஆஸ்பத்திரி, தொழுகை நடக்கும் பள்ளிவாசல், பூசை நேரத்துக் கோயில், இழவு விழுந்த வீடு ஆகியவற்றின் முன்னே வாத்தியம் ஒலிக்கக் கூடாது. அந்த வாசலிலிருந்து பத்துத் தப்படி தாண்டிய பிறகே மறுபடி தொடங்கலாம். இதற்குக் கிறிஸ்துராஜ் வாயால் கட்டளை இடுவதில்லை. டிரம்பெட்டிலிருந்து மவுத்பீஸைத் திருகிக் கழற்றிக் கைக்குள் மூடுவார். அதைக் கண்டதும் பெரிய டிரம் அடிக்கும் ஸ்டீபன் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். ஒரு நொடியில் ஒன்பது பேரும் ஊமையாவார்கள். கட்டணம் கொடுத்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் இந்தப் பத்துத் தப்படியில் தலையிட முடியாது.

இந்த மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு கட்சி நாகமணியை நிறுத்தியது. கும்பிட்ட கையோடு வேனில் நிற்பது நாகமணி. பேசுவது, சிரிப்பது, வாக்குறுதி கொடுப்பது அனைத்தும் அவர் கணவர் பாண்டியராஜன். குறுகிய தெருக்களுக்குள் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லாததால், வேனுக்கு முன்னால் நடக்கப் பேண்டு செட்டை அமர்த்தினார். கிறிஸ்துராஜ் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் ஜோசபின் சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்தார்.

ஜோசபின் மிஷன் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது சந்தில் குடிநீரோடு சாக்கடை கலந்து வருவதைப் பற்றி, நான்கு ஆண்டுகளில் இருபத்து மூன்று மனுக்களை முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். இருபத்து நான்காவதை எழுத உட்கார்ந்தவர், பேனாவை மூடிவிட்டு வேட்புமனு வாங்கப் போனார். அவருக்கு ஒரு குறை உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கழுத்தில் அறுவை நடந்தது முதல் குரல் எழும்பாது. தெருச் சத்தத்தில் ஐந்தடி தள்ளி நின்றால் பாதிச் சொல்தான் கேட்கும்.

வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகக் கிறிஸ்துராஜ் சொன்னார். ஜோசபின் இசையவில்லை. "பேச்சு மாறுன ஆளோட பொண்டாட்டின்னு நான் போய் ஓட்டுக் கேக்க மாட்டேன். நீங்க ஊதுங்க, நான் பேசுறேன்" என்றாராம்.

ஜோசபினுக்குக் கிடைத்த சின்னம் அலமாரி. வீட்டுக் கதவில் ஒட்டுவதற்காகக் கிறிஸ்துராஜ் தாமே ஒரு சார்ட் அட்டையில் அதை வரைந்தார். கதவுகளுக்கு நிழல் கொடுத்தார், கைப்பிடிக்குப் பொன்னிறம் பூசினார், இரண்டு பகல் செலவிட்டார். ஸ்டீபன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பாவமன்னிப்புக் கூண்டு நல்லா வந்துருக்கு. உள்ள சாமியாரு எங்க?" என்றார். ஜோசபின் சிரித்து முடித்த பிறகு, படத்தின் அடியில் 'அலமாரி' என்று தம் கையெழுத்தில் எழுதினார்.

பிரசாரத்தின் முதல் மாலை, மூன்றாவது சந்து முனையில் ஏழெட்டுப் பெண்கள் சூழ ஜோசபின் பேசிக்கொண்டிருந்தார். பாண்டியராஜனின் ஊர்வலம் அந்த வழியாக வந்தது. அவர் வேனைச் சரியாக அங்கே நிறுத்தச் சொன்னார். "அண்ணே, இங்கன நின்னு நாலு பாட்டு. நல்லா ஏத்தி ஊதுங்க" என்றார். அமர்த்தியவர் சொன்ன இடத்தில் நின்று ஊதுவதும் செட்டின் சட்டமே. கிறிஸ்துராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். ஜோசபினின் உதடுகள் சிறிது நேரம் அசைந்தன, பிறகு நின்றன. பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

அன்று வீட்டில் நடந்ததைக் கிறிஸ்துராஜே காளையிடம் சொன்னார். உதடு வீங்கியிருந்தவருக்கு ஜோசபின் உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுவந்து வைத்தாராம். "நாலாவது பாட்டுல அந்த மேல் சுரம் பிசிறே இல்லாம இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாராம். "நாலு வார்த்த வஞ்சிருந்தா சோறு எறங்கியிருக்கும்ணே" என்றார் கிறிஸ்துராஜ். அதன்பின் மூன்று மாலைகள் அதே இடம், அதே நான்கு பாட்டு. ஜோசபின் அந்தச் சந்தில் ஒரு வாக்கியத்தையும் முடித்தபாடில்லை.

பிரசாரம் முடியும் நாள் வந்தது. காளை கடையில் கிறிஸ்துராஜ் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். சந்து முனையில் ஜோசபின் நின்றார். கேட்க வந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவரான சுந்தரம்மாள் குழாயில் பிடித்த கலங்கல் நீரை ஒரு பாட்டிலில் வைத்திருந்தார். ஊர்வலத்தின் ஓசை நெருங்கியது. வாசல்களில் ஆட்கள் கூடினர். வேனிலிருந்து பாண்டியராஜன் நிற்கும்படி கை காட்டுவதற்குச் சில அடிகள் முன்னதாகவே, கிறிஸ்துராஜ் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்தார். மவுத்பீஸைத் திருகிக் கழற்றிக் கைக்குள் மூடினார்.

ஸ்டீபன் ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தார். அங்கே ஆஸ்பத்திரி இல்லை, கோயில் இல்லை, பந்தல் போட்ட வீடும் இல்லை. பிறகு கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தெரு முழுவதும் சட்டென்று அடங்கியது.

"என்னண்ணே, இங்க எந்த வீட்டுல கேதம்?" என்று பாண்டியராஜன் வேனிலிருந்து கேட்டார்.

கிறிஸ்துராஜ் திரும்பவில்லை. பத்துத் தப்படியை நடக்கத் தொடங்கினார். முதல் தப்படிக்கு வலது குதிகாலை இடது பெருவிரலோடு ஒட்டி வைத்தார். நின்றார். இரண்டாவதற்கு இடது குதிகாலை வலது பெருவிரலோடு ஒட்டினார். பின்னால் எட்டுப் பேரும் அப்படியே ஊர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வேனும் ஊர்ந்தது. முந்திச் செல்லத் தெருவில் அகலம் இல்லை.

ஜோசபின் பாட்டிலைக் கையில் வாங்கி உயர்த்தினார். "நாலு வருசமா வெளிய நின்னு மனு எழுதுனேன். இந்தத் தண்ணியத்தான் நம்ம பிள்ளைக குடிக்குது. ஒரு தடவ என்னைய உள்ள அனுப்புங்க, இதக் கொண்டுபோய் மேசையில வச்சுட்டுக் கேக்குறேன்" என்றார். அந்த மெல்லிய குரல் எதிர்வரிசை மாடிவரை போயிற்று. வேனில் நாகமணி கும்பிட்ட கையை இறக்காமல், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாண்டியராஜன் மறுபடியும் எதையோ சொன்னார். ஜோசபின் இன்னும் முடிக்கவில்லை. ஆறாவது தப்படிக்காக இடது காலைத் தூக்கிய கிறிஸ்துராஜ், மவுத்பீஸை உள்ளங்கைச் சூட்டில் இறுக்கிப் பிடித்தபடி, காலைக் கீழே வைக்காமல் ஒற்றைக் காலில் நின்றார்.