ஹார்ட் மெடிக்கல்ஸ் பாய்க்கு வந்த வாழ்த்துகள்

"டாக்டர்னு எவனாவது கூப்ட்டு நான் திரும்பிப் பாத்தா, அன்னிக்கே கல்லாவ மச்சான் கையில குடுத்துட்டு வூட்டோட ஒக்காந்துடுவேன்."

கச்சிராயபாளையத்தில் ஹார்ட் மெடிக்கல்ஸ் நடத்தும் காஜா மைதீன் பாய் இப்படி அறிவித்ததற்கு, எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த பாதி ஊர் சாட்சி.

வெறும் வாய்ச்சவடால் இல்லை. மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருகிறவர்கள் 'டாக்டரே, டாக்டரே' என்று தொண்டை வறளக் கூப்பிடுவார்கள். பாய் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே இருப்பார். 'பாய்' என்ற பிறகுதான் காது திறக்கும். படிக்காத பட்டத்தைச் சுமப்பது அவர் கணக்கில் ஹராம். மனைவியின் தம்பி நவுஷாத்துக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது; கூப்பிட்டால் நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்தே பார்த்துவிடுவான். அதனாலேயே அவனைக் கல்லாப் பக்கம் அண்டவிடவில்லை.

வினை, ஜிஎஸ்டிக்காகத் தொடங்கிய இமெயிலில் வந்தது. முகவரியில் 'ஹார்ட்' இருந்ததைப் பார்த்து, உலக மருத்துவ இதழ் ஒன்று அவரை இருதய நிபுணர் என்றே முடிவுகட்டிவிட்டது. செல்போன் அதைத் தமிழாக்கிக் காட்டியது: 'மாண்புமிகு டாக்டர் ஹார்ட் அவர்களே, நாளின் வாழ்த்துகள்! தங்கள் முந்தைய கட்டுரையைப் படித்து வியந்தோம். சிறு கட்டணத்துடன் அடுத்த கட்டுரையை எங்களுக்கே அனுப்புங்கள்.'

"காசு புடுங்கற கூட்டம் மச்சான். எல்லாருக்கும் இதையேதான் அனுப்பிக்கினு இருக்கான். அழிச்சிடுங்க" என்றான் நவுஷாத்.

"வாழ்த்து சொல்லியிருக்கான்டா. பதில் சொல்லாம அழிக்கிறதா?"

சலாம் சொன்னவனுக்குப் பதில் சலாம் சொல்லாமல் விட்டவரில்லை பாய். 'வாழ்த்துக்கு நன்றி. நான் டாக்டர் இல்லை' என்று மரியாதையாக எழுதிப்போட்டார். இந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரிந்ததும் கல்லீரல், சிறுநீரகம், கர்ப்பப்பை என்று உறுப்பு வாரியாக இதழ்களின் வாழ்த்துகள் குவிந்தன. எல்லோருமே டாக்டர் என்றார்கள். பாய் ஒருவரையும் விடாமல் பதில் வாழ்த்து அனுப்பினார். 'நான் டாக்டர் இல்லை' என்ற வரி மட்டும், டைப் அடிக்கச் சோம்பல்பட்டு, நாளடைவில் நின்றுபோனது.

சோறு ஆறிக் கிடப்பதைப் பார்த்த மனைவி மெகருன்னிசா, "கர்ப்பப்பைக்கு இன்னா பதில் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மலையிலிருந்து சாலம்மாள் காய்ச்சல்காரக் குழந்தையோடு வந்து நின்றாள். பாய் எலும்பு இதழுக்கு நன்றி எழுதிக்கொண்டிருந்தார்.

"பாய்" என்றாள். அசையவில்லை.

"பாய், புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது." அதற்கும் அசையவில்லை.

கடையின் வழக்கம் தெரிந்தவள்தான். அவசரத்தில் வாய் தவறிவிட்டது. "டாக்டரே."

"சொல்லும்மா" என்று நிமிர்ந்தார் பாய்.

எதிரே டீ ஆற்றும் சத்தம் நின்றது. பாய் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், சாவியை நவுஷாத்துக்கென்று கல்லா மேலேயே வைத்துவிட்டு எழுந்து, கடையைச் சுற்றி வெளியே வந்து, மருந்து வாங்குகிறவர்கள் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டார்.