ஆரை முளைத்த வயல்

ஹெப்ரானுக்கு ஆழ்வார்குறிச்சி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உரக்கடை. யூரியா, பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாம் கிடைக்கும். மனைவி டார்லின் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. 1996 கார்த்திகையில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடையம் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்திருந்தாள். கூட வரவேண்டிய டீச்சருக்குக் காய்ச்சல்.

"அத்தான், ஒரு நாள் கடையைச் சாத்திட்டு வாங்களேன். இத்தனை பிள்ளைகளை நான் ஒருத்தியா மேய்க்க முடியாது."

தோட்டத்தை நடத்திய பாலாம்பாள், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் செடிகளைத் தொட்டுப் பார்த்துப் படிக்கட்டும் என்றே தன் நிலத்தை மாற்றியிருந்தார். தூதுவளை, பொன்னாங்கண்ணி என்று காட்டி, தின்னக்கூடியது எது, கூடாதது எது என்று சொல்லிக்கொண்டே நடந்தார். புளியாரையை மென்ற பிள்ளைகள் முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடியும் கை நீட்டினார்கள்.

கடைசியில் ஒரு சின்ன நெல்வயல். தண்ணீரில் நாலு இலை விரித்து நின்ற கொடியைப் பாலாம்பாள் கிள்ளி எடுத்தார்.

"இது ஆரைக்கீரை. யாரும் விதைக்க வேண்டாம், தானா வரும். பருப்புப் போட்டுக் கடைஞ்சா அவ்வளவு ருசி."

ஹெப்ரானுக்கு அந்த இலையை நன்றாகத் தெரியும். கடையில் ஒட்டியிருந்த களைக்கொல்லி விளம்பரத்தில் அதன் படத்தின் மேல்தான் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டிருந்தது.

"இந்த சார் உரக்கடை வச்சிருக்காங்க" என்று ஒரு பிள்ளை பெருமையாகச் சொன்னது.

பாலாம்பாள் சிரித்தார். "அப்போ உங்களுக்குப் பழக்கமான செடியா இருக்கும்."

"களைன்னு தெரியும்மா. கீரைன்னு தெரியாது" என்றார் ஹெப்ரான். வயல் பார்க்காமல் பாளையங்கோட்டைத் தெருக்களில் வளர்ந்தவர் அவர்.

மதியம் ஆரைக் கடையலை இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஊர் விவசாயிகளிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்று வழியெல்லாம் மனசு பரபரத்தது.

மறுநாள் சுடலைக்கண்ணு என்ற விவசாயி ஆரைக்கு மருந்து கேட்டு வந்தார்.

"அது நல்ல கீரை வே, தெரியுமா?"

"தெரியாம என்ன அண்ணாச்சி? சின்னதுல தின்னு வளந்ததுதான். இப்பக் களை பறிக்க யாரு வாரா? பொம்பளையெல்லாம் வீட்டுல இருந்து பீடி சுத்துதாவ. அதை விட்டுட்டுச் சேத்துல இறங்குவாவளா?"

ஹெப்ரான் மருந்து அலமாரியைத் திறந்தார். மருந்து இல்லையென்று சொன்னால் அவர் அடுத்த கடைக்குப் போவார். மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்: "அடிக்கதுக்கு முந்தி நான் கொஞ்சம் பறிச்சுக்கிடட்டுமா?"

"நீங்களா!" சுடலைக்கண்ணுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சாயங்காலம் ஹெப்ரான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் பைய இறங்கினார். டார்லின் வரப்பில் கூடையோடு நின்றாள். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் இரண்டு பேர், தாங்களும் மடி நிறையப் பறித்துப் போனார்கள். சுடலைக்கண்ணு மறுநாள் மருந்து அடித்தார். வாய்க்கால் ஓரத்தை மட்டும் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு களைக்கொல்லி வாங்க வந்தவர்களிடமெல்லாம், முதலில் கீரையைப் பறித்துக்கொள்ளும்படி ஹெப்ரான் சொன்னார். சிலர் கேட்டார்கள், பலர் கேட்கவில்லை.

"விக்கவும் செய்யுதீங்க, வருத்தமும் படுதீங்க" என்றாள் டார்லின்.

"எனக்கே பிடிபடலை."

ஒரு நாள் தனியாகத் தோட்டத்துக்குப் போய், மருந்தும் இல்லாமல் ஆளும் இல்லாமல் களையை என்ன செய்வது என்று பாலாம்பாளிடம் கேட்டார்.

"தெரியலையே" என்றார் அவர். "ஒரு பாத்தி ஒதுக்கித் தரேன். ரெண்டு பேருமா செஞ்சு பார்ப்போம்."