காதல் பாட்டு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்

என் கணவர் ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் வேலை பார்க்கிறார். கல்யாணம், திருவிழா என்று வந்தால் மெல்லிசைக் குழுவில் பாடுவார். எங்கள் குழந்தை இறந்த வருஷம் ஒரு சினிமாப் பாட்டு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறினாலும் அதுதான், விசைத்தறிக் கூடத்தைத் தாண்டினாலும் அதுதான்.

'வந்த தடமும் காணோம், நீ போன வழியும் காணோம்; கைக்குள் இருந்த சூடு மட்டும் இன்னும் ஆறவில்லை.'

முதல்முறை கேட்டபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

பெண் குழந்தை. மாதம் நிறையுமுன்பே பிறந்துவிட்டாள். வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்தாள். ஒரே ஒருமுறைதான் என் கையில் கொடுத்தார்கள், அதுவும் எல்லாம் முடிந்தபிறகு. துணிக்குள் உடம்பு சூடாகவே இருந்தது. வீட்டுக்கு வந்தபின் அவர் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாங்கி வைத்திருந்த சின்னச் சட்டைகளை நான் தூங்கும்போது எடுத்துப்போய் யாருக்கோ கொடுத்துவிட்டார். அடுத்த முகூர்த்தத்துக்கே கச்சேரிக்குப் போனார். அந்தப் பாட்டைப் பாடிப் பழகவும் ஆரம்பித்தார்.

"இது குழந்தையப் பறிகொடுத்தவங்க பாடற பாட்டுங்க" என்றேன் ஒருநாள்.

"படம் பாக்கலியா நீ? லவ் சாங் அது" என்றார்.

படத்தில் கதாநாயகன் மழைக்கு ஒதுங்கிய பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். கூட்டத்தில் தடுமாறியவள் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பிறகு பஸ் ஏறிப் போய்விடுகிறாள். சூடு என்பது அந்தக் கையின் சூடு என்று விளக்கினார். நான் விடவில்லை. எழுதியவர் மனதில் பஸ் ஸ்டாண்டா இருந்திருக்கும் என்று கேட்டேன். சோறு போடும்போதும் துணி மடிக்கும்போதும் இதே பேச்சு. வரிக்கு வரி அவரிடம் பதில் இருந்தது. 'பேர்சொல்லி அழைக்கும் முன்னே பிரிந்தாயே' என்ற வரிக்கும் சொன்னார்: அவளிடம் பேர் கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டதாம். எங்கள் குழந்தைக்கு நாங்கள் பேர் வைத்திருக்கவில்லை.

தேவிகாபுரத்துத் திருவிழாவுக்கு என்னையும் கூட்டிப்போனார். பொழுது சாய்கிற நேரம். கூட்டம் அந்தப் பாட்டைத்தான் கேட்டது. பல்லவியை அருமையாகப் பாடினார். அந்த வரி வந்தது. 'பேர்சொல்லி' என்று எடுத்தவர் நின்றுவிட்டார். கீபோர்டு வாசிப்பவர் அதே இடத்தைத் திரும்ப வாசித்துப் பார்த்தார். இவர் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். கூடப் பாடும் பெண் சட்டென்று எடுத்து முடித்தாள். மைக் அவுட்டாகிவிட்டது என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

மேடைக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னதையே நெனச்சிகினு பாடிட்டேன்" என்றார். "அந்த அர்த்தத்துல பாடினா என்னால முடிக்க முடியலம்மா. எனக்கு அந்தப் பொண்ணு பஸ் ஏறிப் போனதாவே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு அழுதார். ஆஸ்பத்திரியிலும் இடுகாட்டிலும் அழாத மனிதர். முதல்நாளிலிருந்தே அவருக்கும் அது அப்படித்தான் கேட்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதன்பிறகு நான் அந்தப் பாட்டுக்கு அர்த்தம் சொல்வதில்லை. எங்களுக்கு வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

போன தை மாதம் போளூரில் ஒரு வரவேற்பு. லவ்வர்ஸ் எல்லோருக்கும் இந்தப் பாட்டு என்று சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு, எங்கும் நிற்காமல் பாடி முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என் கண் கலங்கியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலி அம்மா என் காதோரம் குனிந்தார்.

"கல்யாணத்துக்கு முன்ன யாரையாவது விரும்பினியாம்மா?"

ஆமாங்க என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, பந்தி போட்டுவிட்டார்கள், வா சாப்பிடலாம் என்று எழுப்பிக் கூட்டிப்போனார்.