எட்னா உச்சியிலை கழற்றின சப்பாத்து

இத்தாலியின்ரை பலெர்மோ நகரத்திலை வீட்டுவேலை செய்யிற எங்களுக்கு லீவு கிடைக்கிறதே அருமை. அப்பிடி ஒரு லீவிலைதான் நானும் மனுசனும் சிசிலியிலை ஆக உயரமான எட்னா எரிமலையிலை ஏறினம். அவர் கோயில் பக்கமே வராத ஆள். அதாலை எங்களுக்குள்ளை எப்பவும் சண்டை.

உச்சியிலை மலை வாயைத் திறந்து புகை விட்டுக்கொண்டிருந்தது. மலையே இல்லாத யாழ்ப்பாணத்திலை பிறந்த எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு. கோயில் வாசலுக்கு வந்தமாதிரி, யோசிக்காமலே சப்பாத்தைக் கழற்றினன். உள்ளங்காலிலை நிலம் சுட்டுது.

எங்களைக் கூட்டிவந்த இத்தாலிக்கார வழிகாட்டி கத்தினார். "உமக்கென்ன விசரே? போடும் சப்பாத்தை!" எண்டு மனுசனும் பேசினார்.

"நிலத்தைத் தொட்டுப் பாருங்கோப்பா," எண்டன்.

குனிஞ்சு உள்ளங்கையை வைச்சார். கனநேரமாக் கையை எடுக்கேல்லை. பிறகு அந்தக் கையைக் கண்ணிலை ஒற்றினார்.

அண்டைக்குப் பிறகு நான் அவரைக் கோயிலுக்குக் கூப்பிடுறதில்லை.